கோடையில் ஒரு தங்கம், குளிரில் ஒரு தங்கம்
(எட்டி ஈகனின் வாழ்க்கை)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஒலிம்பிக் பந்தயங்களில் தங்கப் பதக்கம் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். கோடைக்கால ஒலிம்பிக்கிலும் குளிர்கால ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர். ஆனால் கோடைக்காலப் பந்தயத்தில் ஒரு விளையாட்டிலும், குளிர்காலப் பந்தயத்தில் முற்றிலும் வேறான ஒரு விளையாட்டிலும் தங்கம் வென்றவர் என்று தேடினால், இந்த நூறாண்டு வரலாற்றில் ஒரே ஒரு பெயர்தான் கிடைக்கிறது. அவர் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த எட்டி ஈகன். முதல் தங்கம் 1920இல் குத்துச்சண்டையில். இரண்டாம் தங்கம் 1932இல் பாப்ஸ்லே எனப்படும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில்.

இரண்டுக்கும் என்ன பொருத்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். ஒன்று தனி மனிதன் தன் இரு கைகளை நம்பி ஆடுவது. மற்றொன்று நான்கு பேர் ஒரே வண்டியில் உட்கார்ந்து மலையிலிருந்து பனிப்பாதையில் கீழே பாய்வது. அதிலும் ஈகன் அந்த வண்டியில் முதன்முதலாக ஏறியதே பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் அந்த இரண்டாம் தங்கம் உழைப்பின் பரிசா, அதிர்ஷ்டத்தின் பரிசா? இந்தக் கேள்விதான் அவருடைய வாழ்க்கையைப் படிக்க என்னைத் தூண்டியது.

இளமையும் வறுமையும்

எட்வர்ட் பாட்ரிக் பிரான்சிஸ் ஈகன் 1897ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் பிறந்தார். அவருக்கு ஒரு வயது இருக்கும்போதே தந்தை ரயில் விபத்தொன்றில் இறந்துபோனார். தாயின் கையில் மிஞ்சியவை ஐந்து ஆண் குழந்தைகளும், அவர் கற்றிருந்த அயல்மொழிகளுமே. அந்த மொழிகளைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்து, அதில் கிடைத்த சொற்ப வருமானத்தில் ஐந்து பிள்ளைகளையும் அந்த அம்மையார் வளர்த்தார்.

ஈகனின் சிறுவயதில் அமெரிக்கச் சிறுவர்களிடையே மலிவு விலைக் கதைப் புத்தகங்கள் மிகவும் பரவியிருந்தன. அவற்றில் ஃபிராங்க் மெரிவெல் என்ற கற்பனைப் பாத்திரம் புகழ்பெற்றது. அந்தக் கதாநாயகன் யேல் பல்கலைக்கழக மாணவன், எல்லா விளையாட்டிலும் வல்லவன், மதுவையும் புகையிலையையும் தொடாதவன், ஏமாற்றாமல் வெல்பவன். ஈகன் அந்தக் கதைகளைப் படித்து மகிழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. அந்தப் பாத்திரத்தைப் போலவே வாழ்வது என்று முடிவு செய்தார். குடிப்பதில்லை, புகைப்பதில்லை, படிப்பை விடுவதில்லை, யேலில் சேராமல் ஓய்வதில்லை என்பவை அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட விதிகள்.

குடும்பத்தில் யாரும் காணாத இடத்துக்கு ஒரு பையன் போக விரும்பினால், அந்த இடம் எப்படியிருக்கும் என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த என்போன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஈகனுக்கு வழிகாட்டியாக இருந்தவை இரண்டு. ஒன்று மேற்சொன்ன கதைப் புத்தகம். மற்றொன்று லாங்மாண்ட் என்ற சிற்றூரில் அவருக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்த ஏப் டோபின் என்ற ஆசிரியர். கற்பனை மனிதர் ஒருவர், உண்மை மனிதர் ஒருவர். இருவரும் சேர்ந்து அவரை உருவாக்கினார்கள்.

படிப்பும் குத்துச்சண்டையும்

ஈகன் முதலில் டென்வர் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்தார். முதல் உலகப் போர் வந்தது. பீரங்கிப் படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். போர் முடிந்ததும் தாம் கனவு கண்ட யேல் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தார். அங்கே மாணவராக இருந்தபோதே 1919இல் அமெரிக்காவின் அமெச்சூர் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார்.

அடுத்த ஆண்டு பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. போரில் சீரழிந்த நாடு தன் காயங்கள் ஆறுவதற்கு முன்பே உலகை விருந்தினராக அழைத்த பந்தயம் அது. ஈகன் அதில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் இறங்கினார். தென்னாப்பிரிக்க வீரரையும் பிரிட்டிஷ் வீரரையும் வென்று, இறுதிப் போட்டியில் நார்வே நாட்டின் ஸ்வெர்ரே சோர்ஸ்டாலைத் தோற்கடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23.

குத்துச்சண்டையில் அந்த நாளிலேயே பெரும் பணம் புரண்டது. ஒலிம்பிக் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொழில்முறை வீரராகியிருந்தால், வறுமையில் வளர்ந்த அவர் ஓரிரு ஆண்டுகளில் செல்வராகியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. கடைசிவரை ஒரு காசுக்கும் கையுறை அணிந்ததில்லை. 1921இல் யேலில் பட்டம் பெற்றார். ஹார்வர்டில் சட்டம் படித்தார். பிறகு ரோட்ஸ் உதவித்தொகை பெற்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பிரிட்டனின் அமெச்சூர் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர் என்ற பெயரும் அங்கே அவருக்குக் கிடைத்தது.

வெற்றியை மட்டும் சொல்லித் தோல்வியை மறைப்பது முறையன்று. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் பிரிவில் கலந்துகொண்ட ஈகன், முதல் சுற்றிலேயே பிரிட்டனின் ஆர்தர் கிளிஃப்டனிடம் தோற்று வெளியேறினார். ஒலிம்பிக்குடன் அவருக்கிருந்த தொடர்பு அத்துடன் முடிந்தது என்றே யாரும் நினைத்திருப்பார்கள். 1927இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி மார்கரெட் கோல்கேட், புகழ்பெற்ற சோப்பு நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வறுமையில் தொடங்கிய வாழ்க்கை வழக்கறிஞர் தொழிலும் வசதியுமாக மாறியது.

பனியில் ஓடும் வண்டி

இங்கே அந்த வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் என்ற மலையூரில் தோன்றிய விளையாட்டு இது. 1924இல் பிரான்சின் ஷாமோனி நகரில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே நால்வர் வண்டிப் பந்தயம் இடம்பெற்றுவிட்டது. வண்டிக்குச் சக்கரமில்லை, எஞ்சினும் இல்லை. அடியில் எஃகுச் சறுக்குக் கட்டைகள் உண்டு. முன்னால் இருப்பவர் திருப்புபவர். கடைசியில் இருப்பவர் தடை போடுபவர். இடையில் உள்ள இருவரும் தொடக்கத்தில் வண்டியைத் தள்ளிவிட்டு ஏறி, வளைவுகளில் உடலைச் சாய்த்து உதவ வேண்டும்.

சாய்தளத்தில் சறுக்கும் பொருளின் முடுக்கம் அதன் நிறையைப் பொறுத்ததல்ல என்று நாம் வகுப்பில் படிக்கிறோம். அப்படியிருக்க, இந்தப் பந்தயத்தில் கனமான ஆட்களைத் தேடிப் பிடிப்பது ஏன்? காரணம் காற்று. காற்றின் எதிர்ப்பு வண்டியின் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்தது. எடை கூடினால் அது கூடுவதில்லை. ஆகவே ஒரே அளவுள்ள இரு வண்டிகளில் கனமான வண்டியைக் காற்று குறைவாகவே பாதிக்கிறது. 1952இல் ஆஸ்லோ நகரில் ஜெர்மானியர்கள் மிகக் கனமான ஆட்களை ஏற்றிவந்து வென்ற பிறகு, ஆட்களும் வண்டியும் சேர்ந்த மொத்த எடைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1932இல் அந்த வரம்பு இல்லை. குத்துச்சண்டையில் முறுக்கேறிய ஈகனின் உடல் அந்த வண்டிக்கு ஏன் தேவைப்பட்டது என்பது இதிலிருந்து விளங்கும்.

லேக் பிளாசிட் 1932

உலகம் முழுவதும் பொருளாதார மந்தத்தில் தவித்துக்கொண்டிருந்த காலத்தில், நியூயார்க் மாநிலத்தின் மலைப்பகுதியிலுள்ள லேக் பிளாசிட் என்ற சிற்றூரில் மூன்றாவது குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பணமுடையால் 17 நாடுகளே கலந்துகொண்டன. அப்போது மாநில ஆளுநராக இருந்தவரும் பின்னாளில் ஜனாதிபதி ஆனவருமான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932 பிப்ரவரி 4ஆம் நாள் பந்தயத்தைத் தொடங்கிவைத்தார்.

மவுண்ட் வான் ஹோவென்பர்க் என்ற மலையில் பந்தயப் பாதை புதிதாக அமைக்கப்பட்டிருந்தது. நீளம் சுமார் ஒன்றரை மைல், வளைவுகள் 26. பயிற்சியின்போதே ஒரு ஜெர்மானிய வண்டி பாதையிலிருந்து வெளியே பறந்து, அதிலிருந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அமெரிக்காவில் வசித்துவந்த ஜெர்மானியர்களைக் கொண்டு வேறொரு குழுவை அந்த நாடு சேர்க்க வேண்டியதாயிற்று. இது விளையாட்டுத்தான், ஆனாலும் உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டு.

அமெரிக்காவின் முதல் வண்டியை ஓட்டியவர் பில்லி ஃபிஸ்க். வயது 20தான். ஆனால் 1928இல் செயின்ட் மோரிட்ஸில் 16 வயதிலேயே வண்டியோட்டித் தங்கம் வென்றவர். கடைசியில் தடை போடுபவராக ஜே ஓ'பிரையன். இவரே அமெரிக்க பாப்ஸ்லே குழுவின் பொறுப்பாளர்களில் ஒருவர். நடுவில் கிளிஃபோர்டு கிரே. இவர் 1928இல் ஃபிஸ்குடன் வென்றவர். ஓ'பிரையனும் கிரேயும் நாற்பதும் அதற்கு மேலும் ஆனவர்கள். நால்வரில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு அழைக்கப்பட்டவர்தான் 34 வயது வழக்கறிஞர் எட்டி ஈகன்.

அமெரிக்காவின் இரண்டாம் வண்டியை ஓட்டியவர் ஹென்றி ஹோம்பர்கர். அவரைப் பற்றியும் நாம் அறிய வேண்டும். அவர் பக்கத்து ஊரான சாரனாக் லேக்கைச் சேர்ந்த பொறியாளர். அந்தப் பந்தயப் பாதையை அமைக்கும் பணியிலேயே பங்கு கொண்டவர். 26 வளைவுகளில் ஒவ்வொன்றும் அவருக்குத் தம் வீட்டு வாசற்படி போல. ஒருபுறம் மண்ணின் மைந்தர்கள் நால்வர். மறுபுறம் நகரத்திலிருந்து வந்த வசதி படைத்த நால்வர். அவர்களில் ஒருவர் இந்த விளையாட்டுக்கே புதியவர்.

இளகிய பனியாலும் கெட்ட வானிலையாலும் நால்வர் பந்தயம் தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் பிப்ரவரி 14, 15 ஆகிய இரு நாட்களில் நான்கு ஓட்டங்களும் நடந்தன. நான்கு ஓட்டங்களுக்கும் சேர்த்து ஃபிஸ்க் குழு எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 53.68 விநாடி. ஹோம்பர்கர் குழுவுக்கு 7 நிமிடம் 55.70 விநாடி. மூன்றாவதாக வந்த ஜெர்மனியின் ஹன்ஸ் கிலியான் குழுவுக்கு 8 நிமிடம் 0.04 விநாடி.

நான் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 118 விநாடிக்குச் சற்று அதிகம். அப்படியானால் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். உச்ச வேகம் அதைவிட மிக அதிகம். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் நான்கு ஓட்டங்களுக்கும் சேர்த்தே 2.02 விநாடி. ஆறு மைல் தூரத்தில் சுமார் 40 மீட்டர் இடைவெளி! பாதையை அமைத்த மனிதர் வெள்ளியோடு வீடு திரும்பினார். சில வாரங்களுக்கு முன் வந்து சேர்ந்தவர் தங்கத்தோடு திரும்பினார்.

அதிர்ஷ்டமா, உழைப்பா?

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஹோம்பர்கரை நினைக்கும்போது ஈகனின் இரண்டாம் தங்கம் சற்று உறுத்தத்தான் செய்கிறது. வண்டியை ஓட்டியவர் அவரல்லர். தடை போட்டவரும் அவரல்லர். அழைப்பு வந்ததற்குக் காரணம் வசதியுள்ள வட்டாரத்தில் அவருக்கிருந்த பழக்கம். ஏழைச் சிறுவனாகவே டென்வரில் இருந்திருந்தால் அந்த அழைப்பு அவருக்கு வந்திருக்குமா? வந்திருக்காது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் பனி விளையாட்டும், பணம் வாங்காமல் விளையாடும் பெருமையும் பெரும்பாலும் வசதியுள்ளவர்களுக்கே எட்டியவை.

ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த வட்டாரத்துக்குள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது? தந்தையின் சொத்தா? தந்தையே இல்லை. உறவினரின் சிபாரிசா? அதுவும் இல்லை. டென்வரிலிருந்து யேலுக்கும், யேலிலிருந்து ஹார்வர்டுக்கும், அங்கிருந்து ஆக்ஸ்போர்டுக்கும் அவரைக் கொண்டுசென்றவை படிப்பும் குத்துச்சண்டையும்தான். அழைப்பு வந்தபோது 34 வயதில் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் வழக்கறிஞராக இருந்தும், ஒலிம்பிக்குக்கு ஏற்ற உடலோடு அவர் இருந்தார். முன் அனுபவமில்லாத வண்டியில், வேறொருவர் கையில் தம் உயிரை ஒப்படைத்து, ஜெர்மானியர்கள் தூக்கி எறியப்பட்ட அதே பாதையில் இறங்கும் துணிவும் இருந்தது. வாய்ப்பு அதிர்ஷ்டத்தால் வந்தது. தயாராக இருந்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. குத்துச்சண்டையில் தனி வீரராக நின்றவர், பனியில் நால்வரில் ஒருவராக அடங்கி உட்கார்ந்தார். புகழ் பெற்றவர்களுக்கு அதுவும் எளிதல்ல.

பிற்கால வாழ்க்கை

1932க்குப் பிறகு ஈகன் சட்டத்துறையிலேயே தொடர்ந்தார். அரசு வழக்கறிஞராகவும் சில ஆண்டுகள் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரில் மீண்டும் ராணுவத்தில் சேர்ந்து விமானப் போக்குவரத்துப் பிரிவில் உயரதிகாரியாக இருந்தார். 1945 முதல் 1951 வரை நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் தலைவராக இருந்து, தொழில்முறைக் குத்துச்சண்டையைக் கண்காணித்தார்.

அந்தப் பதவியில் அவர் எடுத்த ஒரு முடிவு இன்றும் பேசப்படுகிறது. 1947இல் ராக்கி கிரேசியானோ என்ற புகழ்பெற்ற வீரருக்கு, வேண்டுமென்றே தோற்பதற்காக லஞ்சம் தருவதாகச் சிலர் ஆசை காட்டினர். அவர் பணத்தை வாங்கவில்லை. ஆனால் நடந்ததை ஆணையத்திடம் தெரிவிக்கவும் இல்லை. அதற்காக ஈகனின் ஆணையம் அவருடைய உரிமத்தையே ரத்து செய்தது. கிரேசியானோவும் வறுமையில் வளர்ந்தவர். அதே ஆண்டு அவர் சிகாகோவில் போட்டியிட்டு மிடில்வெயிட் உலகப் பட்டத்தை வென்றார். சிறு தவறுக்குப் பெருந்தண்டனை என்று சிலர் எண்ணினர். சூதாடிகளின் பிடியிலிருந்து விளையாட்டைக் காக்க இது தேவை என்று சிலர் எண்ணினர். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. கதைப் புத்தக நாயகனின் நேர்மையை அளவுகோலாகக் கொண்டு வாழ்ந்தவர், அதே அளவுகோலால் பிறரையும் அளந்தார். அவர் பெற்றிருந்த வழிகாட்டிகள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா என்பதே என் கேள்வி.

அந்த நால்வர்

லேக் பிளாசிட்டில் ஒரே வண்டியில் இறங்கிய நால்வரின் முடிவு நெஞ்சைத் தொடுவது. ஓ'பிரையன் 1940இல் மாரடைப்பால் இறந்தார். அதே ஆண்டு பில்லி ஃபிஸ்க், தம் நாடு போரில் இறங்குவதற்கு முன்பே பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து ஹிட்லரின் விமானங்களை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 16ஆம் நாள் அடிபட்டு எரிந்த விமானத்தைக் கைவிடாமல் தளத்தில் இறக்கினார். தீக்காயங்களால் மறுநாள் உயிர் துறந்தார். வயது 29. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஈகன் 1967 ஜூன் 14ஆம் நாள் தமது 70ஆம் வயதில் காலமானார். கிரே அடுத்த ஆண்டு மறைந்தார்.

ஈகனின் பெயர் 1983இல் அமெரிக்க ஒலிம்பிக் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. 1990இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அவருக்குப் பின் கோடை, குளிர் என இருவகைப் பந்தயங்களிலும் பதக்கம் பெற்ற வீரர்கள் உண்டு. 1984இலும் 1988இலும் வேகச் சறுக்கில் தங்கம் வென்ற கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்டா லூடிங், 1988இல் சைக்கிள் பந்தயத்தில் வெள்ளி பெற்றார். 2012இல் அமெரிக்கத் தொடர் ஓட்டக் குழுவில் தங்கம் பெற்ற லாரின் வில்லியம்ஸ், 2014இல் இதே பாப்ஸ்லே பந்தயத்தில் ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியில் வெள்ளியோடு நின்றார். இருவரும் ஈகனின் சாதனைக்கு மிக அருகில் வந்தவர்கள்.

நண்பர்களே! ஈகனின் வாழ்க்கையில் நாம் பின்பற்ற வேண்டியது பதக்கங்களை அல்ல. பனி மலையும் சறுக்கு வண்டியும் நமக்கு எட்டாதவை. ஆனால் ஒரு புத்தகமும் ஓர் ஆசிரியரும் நமக்கும் எட்டுபவையே. மாலையில் பூட்டப்படும் நம் நூலகத்தின் அலமாரிகளிலும் யாரோ ஒருவருடைய வாழ்க்கையை மாற்றக் காத்திருக்கும் புத்தகம் ஒன்று இருக்கலாம். அதை எடுத்துப் படிப்பது நம் கையில் இருக்கிறது. அழைப்பு வருமா, வராதா என்பது நம் கையில் இல்லை. ஹோம்பர்கரைப் போலப் பாதை முழுவதும் அறிந்திருந்தும் இரண்டு விநாடியில் தோற்கவும் நேரலாம். அதற்காகப் பாதையை அமைத்த உழைப்பு வீணாகிவிடாது. அவர் பணியாற்றி உருவான பாதையில் ஓடித்தானே மற்றவர்களும் வென்றார்கள்!

கோடையில் ஒரு தங்கமும் குளிரில் ஒரு தங்கமும் பெற்ற அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், மொழி கற்றுக்கொடுத்து ஐந்து பிள்ளைகளை வளர்த்த அவருடைய தாயின் நினைவும் எனக்கு உடன் வருகிறது. அவருக்கு யாரும் பதக்கம் அணிவிக்கவில்லை. ஆனால் முதல் தள்ளு தள்ளியவர் அவர்தான்.